இரவு ஐசியுவுக்கு எது தேவை: ரோபோவா, சுவர்க் கேமராவா, தள்ளுவண்டியா, ஆளா?

பத்துப் பன்னிரண்டு படுக்கை ஐசியு. பகலில் இன்டென்சிவிஸ்ட் (ஐசியு சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர்) ஒருவர் வந்து ரவுண்ட்ஸ் பார்த்துவிட்டுப் போகிறார். இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு டியூட்டி டாக்டரும் மூன்று நான்கு ஸ்டாஃப் நர்ஸ்களும்தான். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நடு இரவில் பிரஷர் இறங்கினால் சீனியருக்கு போன் போகும். மாவட்டத் தலைநகரங்களில் மருத்துவமனை நடத்தும் வாசகர்கள் கேட்பது இந்த போனைப் பற்றித்தான். அதற்குப் பதிலாகச் சக்கரம் வைத்த ரோபோ வாங்கலாமா, படுக்கைக்குப் படுக்கை கேமரா வைத்து தூரத்திலிருந்தே ஐசியுக்களைக் கவனிக்கும் வெளியூர் டெலி-ஐசியு மையத்தோடு இணையலாமா, ஒரு தள்ளுவண்டியில் திரை வைத்தால் போதுமா, அல்லது அந்தப் பணத்துக்கு இரவிலும் ஒரு இன்டென்சிவிஸ்டை உட்கார வைத்துவிடலாமா?

விற்பனையாளர்கள் கருவியைப் பற்றிப் பேசுவார்கள். அதை வைத்து வேலை பார்த்த மருத்துவர்களும் நர்ஸ்களும் வேறு இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். திரையில் தெரிகிறவருக்கு மருந்து, சிகிச்சை ஆர்டர் போடும் அதிகாரம் உண்டா? அந்த ஆர்டரைச் செய்து முடிக்கப் படுக்கையருகே தேர்ந்த கை உண்டா? இவை இரண்டும் இல்லாத இடத்தில் எதை வாங்கினாலும் வீண் என்பது என் கருத்து. ஆய்வுகளும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் நேரம். ஒரு நோயாளியின் நிலை மாறியதிலிருந்து அனுபவமுள்ள கண் அவரைப் பார்ப்பது வரை எத்தனை நிமிடம் ஆகிறது? போனில் கேட்பது இதில் சேராது. இரண்டாவது, மேலே சொன்ன அதிகாரம். மூன்றாவது, கை: மூச்சுக்குழாயில் டியூப் போட, பெரிய ரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் போட, வயிற்றை அழுத்திப் பார்க்க யார் இருக்கிறார்கள்? நான்காவது, இரவு முழுக்க அந்தக் கருவியோடு இருக்கப்போகும் நர்ஸ்கள் அதை ஏற்பார்களா? ஐந்தாவது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு அது எப்படித் தெரியும்? கடைசியாகப் பணம். வாங்கும் விலையை விட்டுவிட்டு மூன்று வருடத்துக்கான மொத்தச் செலவைக் கணக்கில் எடுங்கள்.

| அளவுகோல் | நடமாடும் ரோபோ | சுவர்க் கேமராவும் மையமும் | தள்ளுவண்டித் திரை | இரவில் நேரடி இன்டென்சிவிஸ்ட் |
|---|---|---|---|---|
| சீனியர் கண் வந்து சேரும் வேகம் | சில நிமிடம் | உடனடி. கூப்பிடாமலே கவனிக்கும் | யாராவது தள்ளிவந்தால் சில நிமிடம் | உடனடி |
| ஆர்டர் அதிகாரம் | சொந்த மருத்துவர் என்றால் முழுமை | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | சொந்த மருத்துவர் என்றால் முழுமை | முழுமை |
| கை | இல்லை | இல்லை | இல்லை | உண்டு |
| நர்ஸ்கள் பார்வை | பழகினால் பிடிக்கிறது | கண்காணிப்பு என்ற பயம் | சுமை, ஆனால் எளிது | ஆளைப் பொறுத்தது |
| குடும்பத்தின் பார்வை | பேச முடிகிறது. கெட்ட செய்திக்கு ஆகாது | பெரும்பாலும் தெரியவே தெரியாது | ரோபோ போலவே | மிக நல்லது |
| மறைந்திருக்கும் செலவு | வைஃபை, பராமரிப்பு, இடம் | மாதக் கட்டணம், மென்பொருள் இணைப்பு | மிகக் குறைவு | சம்பளம், ஆள் கிடைப்பது |

## நடமாடும் ரோபோ

ஆளுயரத்தில் ஒரு உடல், தலை இருக்கும் இடத்தில் திரை, அதன் மேல் கேமரா, கீழே சக்கரங்கள். மருத்துவர் வீட்டில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கால் ஓட்டுவார். கலிபோர்னியாவின் இன்டச் ஹெல்த் நிறுவனம் 2002-ல் தொடங்கி இந்தத் துறையை உருவாக்கியது. அதைத் தொடங்கிய யூலுன் வாங் அதற்கு முன் அறுவைசிகிச்சை ரோபோக்கள் செய்தவர். அவர்களுடைய ஆர்பி-7 ரோபோ ஐசியுக்களில் பரவிய பிறகு, ஐரோபோட் நிறுவனத்தோடு சேர்ந்து ஆர்பி-வீட்டாவை 2012-ல் அறிவித்தார்கள். மருத்துவமனைக்குள் தானே வழி கண்டுபிடித்துச் செல்ல அதற்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2013 ஜனவரியில் அனுமதி தந்தது. இன்டச் நிறுவனத்தை 2020-ல் தொலைமருத்துவ நிறுவனமான டெலடாக் வாங்கிவிட்டது.

ரோபோவுக்கு ஆதரவாக எப்போதும் காட்டப்படும் ஆய்வு, லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏ நரம்பியல் ஐசியுவில் பால் வெஸ்பாவின் குழு செய்து 2007-ல் வெளியிட்டது. அழைப்பு வந்தபின் சீனியர் மருத்துவர் நோயாளியை முகத்துக்கு முகம் பார்க்க முன்பு சராசரி 218 நிமிடம் ஆனது. ரோபோ வந்தபின் 9.2 நிமிடம். மூளைக்கு ரத்தம் குறையும் நெருக்கடிகளில் 152 நிமிடம் 7.8 ஆனது, மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறும்போது 108 நிமிடம் 11 ஆனது. ஐசியு செலவில் 11 லட்சம் டாலர் மிச்சம் என்றும் கணக்குக் காட்டினார்கள்.

எண்கள் அசரவைக்கின்றன. ஆனால் அவற்றின் பின்னால் இருக்கும் ஏற்பாட்டையும் பாருங்கள். ரோபோவை ஓட்டியவர்கள் அதே ஐசியுவின் மருத்துவர்கள். காலையில் தாங்களே ரவுண்ட்ஸ் பார்த்த நோயாளியை இரவில் வீட்டிலிருந்து பார்த்தார்கள். அவர்கள் சொன்னால் ஆர்டர். படுக்கையருகே பயிற்சி பெற்ற நர்ஸ்களும் ஜூனியர் மருத்துவர்களும் இருந்தார்கள். துறையும் தோதானது: நரம்பியலில் பாதிப் பரிசோதனை கண்ணால் ஆவது. கண்பாவை சுருங்குகிறதா, கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறாரா, வாய் கோணுகிறதா என்பதைத் திரையிலேயே பார்த்துவிடலாம். வயிறு இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அறுவைசிகிச்சை நோயாளியிடம் அது நடக்காது. மேலும் இது ஒரே மையத்தில், முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு. அந்த 9 நிமிடம் உங்களுக்கும் கிடைக்கும் என்று விற்பனையாளர் சொன்னால், ஓட்டப்போகும் மருத்துவர் யார் என்று திருப்பிக் கேளுங்கள்.

ரோபோவில் மருத்துவர்களுக்குப் பிடித்தது, பார்வை தங்கள் கையில் இருப்பது. வென்டிலேட்டர் அலைவடிவத்தைப் பார்த்துவிட்டு, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து, கட்டிலுக்குக் கீழே யூரின் பையையும் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகலாம். "சிஸ்டர், கேமராவைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்க" என்று பத்து முறை சொல்ல வேண்டியதில்லை.

நர்ஸ்களுக்கு வேறு காரணம். இரவு இரண்டு மணி போன் எப்படிப் போகும் என்று ஐசியுவில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். "சார், ஏழாம் பெட் பேஷண்ட் கொஞ்சம் சரியில்லை சார்." "சரியில்லைன்னா என்னம்மா? சாச்சுரேஷன் எவ்வளவு?" எண்கள் ஓரளவு சரியாக இருக்கும். ஆனால் ஆள் சரியில்லை என்பது பார்த்தவுடன் தெரியும். அதை வார்த்தையில் நிரூபிக்க முடியாமல் பல நர்ஸ்கள் அடுத்த முறை போன் செய்யவே தயங்குவார்கள். சீனியரே வந்து பார்த்துவிடுகிறார் என்றால் அந்தச் சுமை இறங்குகிறது.

குறைகளும் அதே வாய்களிலிருந்து வருகின்றன. தொட முடியாது. மின்னணு ஸ்டெதஸ்கோப் இருந்தாலும் அதை மார்பில் சரியான இடத்தில் வைப்பது நர்ஸ்தான், ஆகவே ரோபோ வந்த நேரத்தில் அவருடைய மற்ற நோயாளிகள் காத்திருப்பார்கள். அலாரச் சத்தத்தில் குரல் கேட்காது. வைஃபை ஒரு மூலையில் அறுந்தால் மருத்துவர் பேச்சு பாதியில் உறைந்து நிற்பார். நம் ஊர் ஐசியுக்களில் இரண்டு கட்டிலுக்கு நடுவே டயாலிசிஸ் மெஷின் நுழைவதே பாடாக இருக்கும்போது ரோபோ எங்கே திரும்பும்? கிருமித் தொற்றும் உண்டு: ஒவ்வொரு தனியறையை விட்டு வெளியே வரும்போதும் யாராவது அதைத் துடைக்க வேண்டும், அந்த யாராவது பெரும்பாலும் நர்ஸ்.

கோவிட் காலத்தில் கணக்கு தலைகீழானது. அறைக்குள் ஒரு ஆள் குறைவாகப் போனாலே லாபம் என்ற நிலை. அமெரிக்காவின் முதல் கோவிட் நோயாளியை 2020 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் எவரெட் நகர மருத்துவமனை இப்படிப்பட்ட கருவி வழியாகவே கவனித்தது. இத்தாலியின் வரேசே நகரில் 'டாமி' என்று பெயர் வைத்த ரோபோக்கள் நோயாளிகளிடம் பேசின, மானிட்டர்களைக் காட்டின. எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரியில் உள்ளூரிலேயே செய்த கர்மி-பாட் தனிமை வார்டில் சாப்பாடும் மருந்தும் கொண்டுபோய், வீடியோவில் பேசவும் வைத்தது. ஆனால் அந்த வருடத்துத் தேவையை வைத்து இன்று விலைப்பட்டியலைப் பார்க்காதீர்கள்.

குடும்பங்களைப் பற்றி ஒன்று. 2019 மார்ச்சில் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில், ஐசியுவில் இருந்த முதியவரிடம் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்ற செய்தியை ஒரு மருத்துவர் இப்படியொரு திரை வழியாகச் சொன்னார். அருகில் இருந்த பேத்தி அதைப் பதிவு செய்தார். முதியவருக்குக் காது சரியாகக் கேட்காததால் பேத்தியே அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதானது. நேரில் மருத்துவர்கள் முன்பே பேசியிருந்தார்கள் என்று மருத்துவமனை விளக்கம் தந்தது, ஆனாலும் குடும்பத்தின் கோபம் உலகச் செய்தியானது. திரையில் மருந்தை மாற்றலாம், நம்பிக்கை சொல்லலாம். மரணத்தைச் சொல்ல ஒரு ஆள் நேரில் வர வேண்டும் என்று எழுத்தில் விதி வைக்காமல் எந்தக் கருவியையும் உள்ளே விடாதீர்கள்.

செலவு: ஆர்பி-வீட்டா வந்த காலத்தில் மாத வாடகை 4,000 முதல் 6,000 டாலர் வரை சொல்லப்பட்டது, அதாவது இன்றைய மதிப்பில் ஏறத்தாழ மூன்றரை முதல் ஐந்து லட்சம் ரூபாய். மலிவான அலுவலக ரோபோக்கள் சில லட்சத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் அவை மெல்லிய கம்பத்தில் ஒரு டேப்லெட், ஐசியு வயர்களுக்கு நடுவே உருளச் செய்யப்பட்டவை அல்ல. எதை வாங்கினாலும் ஐசியு முழுக்க அறுபடாத வைஃபை, இரண்டாவது இணைய லைன், பழுதானால் வரும் ஆள் ஆகியவை தனிக்கணக்கு.

ரோபோ பொருந்தும் இடம் எனக்குத் தெரிந்து குறுகியது. ஒரே குழு இரண்டு மூன்று கட்டடங்களைப் பார்க்கும் பெரிய மருத்துவமனை, பக்கவாதமும் தலைக்காயமும் அதிகம் வரும் ஐசியு, இரவில் வீட்டிலிருந்து பார்க்கச் சம்மதிக்கும் சொந்த சீனியர்கள். இவை மூன்றும் இருந்தால் யோசிக்கலாம்.

## சுவர்க் கேமராவும் வெளி மையமும்

இதன் மூதாதை ஜான்ஸ் ஹாப்கின்ஸின் இரண்டு இன்டென்சிவிஸ்டுகள், பிரயன் ரோசன்ஃபெல்டும் மைக்கேல் பிரெஸ்லோவும் 1998-ல் தொடங்கிய விசிக்யூ நிறுவனத்தின் அமைப்பு. வர்ஜீனியாவின் சென்டாரா மருத்துவமனைகளில் 2000-ல் முதலில் ஓடியது, பின்னால் நிறுவனத்தை பிலிப்ஸ் வாங்கியது. ஒவ்வொரு படுக்கைக்கும் கேமரா, மானிட்டரும் லேப் முடிவும் நேராக மையத்துக்குப் போகும். அங்கே ஒரு இன்டென்சிவிஸ்டும் சில அனுபவ நர்ஸ்களும் நூறு படுக்கைக்கு மேல் பார்ப்பார்கள்.

ரோபோவிலிருந்து இதைப் பிரிப்பது ஒன்றே. ரோபோவைக் கூப்பிட்டால்தான் வரும். மையம் கூப்பிடாமலே பார்க்கிறது. தூங்கி வழியும் அதிகாலை நான்கு மணிக்கு ரத்தத்தில் லாக்டேட் ஏறுவதை (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாததன் அறிகுறியாக இருக்கலாம்) முதலில் கவனிப்பது மையமாக இருக்கலாம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஏழு ஐசியுக்களில், 6,290 நோயாளிகளைக் கணக்கெடுத்து 2011-ல் வெளியான ஆய்வில் மருத்துவமனை இறப்பு 13.6 சதவீதத்திலிருந்து 11.8 ஆகக் குறைந்தது. காலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிகிச்சை முறையாகத் தரப்படுவது 85 சதவீதத்திலிருந்து 99 ஆனது. இந்த இரண்டாவது எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மையம் செய்வதில் பெரும்பங்கு, மறந்துபோகும் சாதாரண வேலைகளை யாராவது நினைவுபடுத்துவது.

இதற்கு நேர் எதிரான ஆய்வும் உண்டு. 2009-ல் வெளியான, அமெரிக்காவின் ஐந்து மருத்துவமனைகளில் ஆறு ஐசியுக்களைப் பார்த்த ஆய்வில் மையம் வந்தும் இறப்பு மொத்தத்தில் மாறவில்லை. காரணத்தின் ஒரு பங்கு அந்த ஆய்விலேயே இருக்கிறது: ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்குத்தான் அவர்களுடைய மருத்துவர் மையத்துக்கு முழு சிகிச்சை அதிகாரம் கொடுத்திருந்தார். மற்றவர்களுக்கு மையம் பார்க்கலாம், பெரிதாகக் கை வைக்க முடியாது. கேமரா அதேதான், கட்டணமும் அதேதான். "என் பேஷண்ட்டை யாரோ ஒருத்தர் எங்கேயோ உட்கார்ந்து மாத்தறாரா?" என்ற எரிச்சல் அமெரிக்க மருத்துவர்களுக்கு மட்டும் உரியதில்லை.

இந்தியாவில் இது சட்டத்தோடும் சேர்கிறது. 2020 மார்ச் தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் ஆலோசனை கேட்டால், நோயாளிக்கான பொறுப்பு, ஆலோசனை கேட்ட மருத்துவருடையதே. ஆகவே இரவு டியூட்டி டாக்டர்தான் பொறுப்பு ஏற்பவர். மையத்தில் சொன்னதை அவர் மறுத்தால் என்ன, செய்து தவறானால் என்ன என்பதை முதல் நோயாளிக்கு முன்னாலேயே எழுதிக் கையெழுத்தாக்குங்கள். எழுதாத இடத்தில் டியூட்டி டாக்டர் இரண்டு பக்கமும் நல்லபிள்ளையாக இருக்கப் பார்ப்பார், நேரம் போகும்.

நர்ஸ்களின் பயம் கண்காணிப்பு. தேநீர் குடிக்கப் போனதும், சலைன் தாமதமாக மாற்றியதும் பதிவாகுமோ என்ற சந்தேகம். பல மையங்கள் இதைத் தணிக்க எளிய வழி வைத்திருக்கின்றன: கேமரா பயன்பாட்டில் இல்லாதபோது சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கும், உள்ளே வருவதற்கு முன் மணி அடிக்கும். இதைக் கேட்டு வாங்குங்கள். பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கலாம், ஒழுங்கு நடவடிக்கைக்குப் பயன்படுமா என்பதற்கும் நிர்வாகம் நேர்மையான பதில் சொல்ல வேண்டும். மையத்தில் உட்காரும் மருத்துவர் தொடக்கத்திலேயே ஒரு முறை நேரில் வந்து நர்ஸ்களோடு ஒரு ஷிஃப்ட் நின்றுவிட்டுப் போனால் பாதிப் பயம் போய்விடும்.

மறைந்த செலவு இதில்தான் அதிகம். அமெரிக்கக் கணக்கு ஒன்று, அமைப்பும் முதல் வருட ஓட்டமும் சேர்த்து ஒரு படுக்கைக்கு 50,000 முதல் 1,00,000 டாலர் வரை என்றது. இந்திய மையங்கள் இதைவிட எத்தனையோ மலிவு. ஆனால் பழைய மானிட்டர்கள் தரவை வெளியே தராவிட்டால் அவற்றையே மாற்ற வேண்டியிருக்கும், கையால் எழுதும் கேஸ் ஷீட்டைக் கணினிக்கு மாற்ற வேண்டியிருக்கும். விலைப்பட்டியலில் இந்த இரண்டும் பெரும்பாலும் இருக்காது.

சொந்த இன்டென்சிவிஸ்ட் யாருமே இல்லாத, பத்து முதல் முப்பது படுக்கை உள்ள ஊர் மருத்துவமனைக்கு நான்கில் இதையே முதலில் சொல்வேன், அதிகாரத்தைக் கொடுக்க மனசிருந்தால்.

## தள்ளுவண்டித் திரை

நல்ல கேமரா, ஒரு பெரிய திரை, ஒலிவாங்கி, சக்கரம் வைத்த ஸ்டாண்ட், யுபிஎஸ். ஓட்டுபவர் அட்டெண்டர். ரோபோவின் பயனில் பெரும்பகுதி இதிலேயே கிடைக்கிறது, விலையில் சிறு பகுதிக்கு. இழப்பது, மருத்துவர் தானாக நகர முடியாதது. கேமராவைத் தூரத்திலிருந்து திருப்பவும் பெரிதாக்கவும் முடிகிற வகையை வாங்கினால் அந்தக் குறையும் பாதி தீர்ந்தது. டியூட்டி டாக்டரின் சொந்த போனில் வாட்ஸ்அப் வீடியோ போடுவதைவிட இது நோயாளியின் ரகசியத்துக்கும் நல்லது, இரண்டு கையும் காலியாகவும் இருக்கும். சொந்த சீனியர் உள்ளூரிலேயே இருக்கும் எட்டு, பத்து படுக்கை ஐசியுவுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

## இரவிலும் ஒரு இன்டென்சிவிஸ்ட்

மற்ற மூன்றிலும் இல்லாத கை இதில் உண்டு, ஆகவே இதுவே எப்போதும் சிறந்தது என்று தோன்றும். ஆய்வுகள் அவ்வளவு எளிதாக விடவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனை ஒரு வருடம் சில இரவுகளில் இன்டென்சிவிஸ்டை வைத்தும் சில இரவுகளில் வைக்காமலும் பார்த்து 2013-ல் வெளியிட்டது: ஐசியுவில் தங்கிய நாட்களிலோ இறப்பிலோ வித்தியாசமில்லை. ஆனால் அங்கே இன்டென்சிவிஸ்ட் இல்லாத இரவுகளிலும் பயிற்சி மருத்துவர்கள் இருந்தார்கள், போனில் சீனியர் கிடைத்தார். 2012-ல் 49 ஐசியுக்களைப் பார்த்த இன்னொரு ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பகலில் இன்டென்சிவிஸ்ட் முழுப் பொறுப்பாக இருக்கும் ஐசியுவில் இரவு ஆளால் கூடுதல் பலன் தெரியவில்லை. பகலிலேயே பிடி தளர்வாக இருக்கும் ஐசியுவில் இரவு இன்டென்சிவிஸ்ட் இருந்தது இறப்புக் குறைவோடு சேர்ந்து வந்தது.

நம் ஊர் ஐசியுக்கள் பல இரண்டாவது வகை. அப்படியானால் ஆள் வையுங்கள் என்று சொல்லிவிடலாம்தான், ஆள் எங்கே? பயிற்சி பெற்ற இன்டென்சிவிஸ்டுகள் சென்னை, கோவை போன்ற பெருநகரங்களில் குவிந்திருக்கிறார்கள். வாரம் ஏழு இரவுக்கு ஒருவர் போதாது, விடுப்பையும் சேர்த்தால் மூன்று பேர் வேண்டும். கிடைத்தவர் ஒன்றரை வருடத்தில் கிளம்பினால் மறுபடி தேட வேண்டும். விபத்து, பிரசவச் சிக்கல், அறுவைசிகிச்சைக்குப் பின் ரத்தப்போக்கு என்று கை தேவைப்படும் இரவுகள் அடிக்கடி வரும் மருத்துவமனை என்றால் மற்ற மூன்றையும் மறந்துவிட்டு இதற்கே பணத்தை ஒதுக்குங்கள். முழுநேர ஆள் கிடைக்காவிட்டால், டியூட்டி டாக்டருக்கு ஏர்வே (மூச்சுப்பாதை) பயிற்சி கொடுத்து, மயக்க மருத்துவரை அழைப்பில் வைத்து, மேலே ஒரு திரை சேர்ப்பது அடுத்த வழி.

## கையெழுத்துப் போடுவதற்கு முன்

விற்பனையாளர் டெமோவைப் பகல் பதினொரு மணிக்கு, காலியான ஒரு அறையில் வைப்பார். இரவு இரண்டு மணிக்கு, ஐசியு நிரம்பியிருக்கும் நாளில் கேளுங்கள். மூன்று வென்டிலேட்டர் அலாரம் அடிக்கும்போது மருத்துவரின் குரல் படுக்கையருகே கேட்கிறதா, ஜன்னலோரப் படுக்கையில் இணைப்பு நிற்கிறதா, கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த இடைவெளியில் என்ன ஆகிறது என்று பாருங்கள். டெமோவில் கருவியை விற்பனையாளரின் ஆள் இயக்க வேண்டாம், அன்று நைட் டியூட்டியில் இருக்கும் மிக ஜூனியர் ஸ்டாஃப் நர்ஸ் இயக்கட்டும். முடிந்ததும் அவரிடம் தனியாக, நிர்வாகத்தார் யாரும் பக்கத்தில் இல்லாமல், இதை வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.